உயரத்தைச் சொல்லாத கருவி

1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்சிக்கோ பயணிகள் விமானமும் பைப்பர் ரகச் சிறிய தனியார் விமானமொன்றும் செரிட்டோஸ் நகருக்கு மேலே மோதிக்கொண்டன. விமானங்களிலிருந்த 67 பேரும் தரையிலிருந்த 15 பேரும் பலியாகினர்.

சிறிய விமானம் அனுமதியின்றியே கட்டுப்பாட்டு வான்பரப்பினுள் நுழைந்திருந்தது. அதில் டிரான்ஸ்பொண்டர் இருந்தது. தரையிலுள்ள ராடாரின் வினாவுக்கு நான்கு இலக்கக் குறியீட்டினால் தானாகவே விடையளிக்கும் கருவி அது. ஆனால், 'மோட் சி' எனப்படும், உயரத்தை அறிவிக்கும் வசதி அதில் இருக்கவில்லை. விமானம் எவ்விடத்தில் உள்ளது என்பதை ராடார் காட்டும். எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை இவ்வசதியே தெரிவிக்கும்.

இவ்விபத்தின் பின்னர் அமெரிக்க விதிகள் இறுக்கமாக்கப்பட்டன. பிரதான விமான நிலையங்களைச் சூழ 30 கடல் மைல் தூரத்தினுள்ளும், பொதுவாக 10,000 அடிக்கு மேலும் பறக்கும் சிறு விமானங்களுக்கும் 'மோட் சி' வசதி கட்டாயமாகும். 24 மாதங்களுக்கு ஒரு தடவை கருவி பரிசோதிக்கப்படவும் வேண்டும். 2020 ஜனவரி முதல், செய்மதி மூலம் அறிந்த தனது இருப்பிடத்தை விமானமே ஒலிபரப்பும் கருவியும் அவசியமாகியுள்ளது. இயந்திரத்தால் இயங்கும் மின்தொகுதி இல்லாத விமானங்கள், பலூன்கள், கிளைடர்கள் ஆகியவற்றுக்குச் சில விலக்குகள் உண்டு.

இக்கருவிகள் செலவு மிக்கவை என்பது உரிமையாளர்களின் முறைப்பாடாகும். எனினும், பயணிகள் விமானங்களிலுள்ள மோதல் தவிர்ப்புக் கருவியும் சிறு விமானம் அளிக்கும் விடையைக் கொண்டே செயற்படுகின்றது. எனவே, அச்செலவு விமானியை மாத்திரமன்றி, அவரை அறியாத பயணிகளையும் கீழே வீடுகளில் இருப்போரையும் காப்பதற்கானது என்பதை மறந்துவிடலாகாது.