பாகூர்: ஏரி காத்த நெல்லும் கல்லூரியும்

கடலூர் சாலையில் கன்னியக்கோயில் தாண்டி மேற்கே திரும்பினால் இரைச்சல் அடங்கிவிடும். இருபுறமும் நெல்வயல்கள், சற்று தூரத்தில் ஏரிக்கரை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூர் இதுதான்.

இந்த அமைதியான ஊரில் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் உயர்கல்விக் கூடம் நடந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெளியான பாகூர்ச் செப்பேடுகள் அதற்குச் சான்று. ஐந்து ஏடுகள், வடமொழியும் தமிழும் கலந்த வாசகம். மூன்று கிராமங்களின் வருவாயை அந்த வித்யாஸ்தானத்துக்கு அவை எழுதிவைத்தன. படிப்புக்கு ஆன செலவை வயல்களே தாங்கின.

அந்த வயல்களுக்கு உயிர் ஏரி. ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி இதுவே. மழையை மட்டும் நம்பி இது நிற்கவில்லை: தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் வெள்ள நீரை இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. மதகு வழியே வயலுக்கு இறங்கும் நீர், நிலத்தடியிலும் ஊறிக் கிணறுகளை நிரப்புகிறது.

விளைநிலம் இருந்த இடத்தில் படைகளும் வந்தன. 1752-ல் இங்கே நடந்த போரில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் ஆங்கிலப் படை பிரெஞ்சுக்காரர்களை வென்றது. பிரெஞ்சு ஆளுநர் டுப்ளேயின் உறவினரான தளபதி கெர்ஜான் சிறைப்பட்டார்.

ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் ஏரிகள் மீதான கவனம் குறைந்தது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. பராமரிப்பில் ஊராரின் ஏரிச் சங்கங்களுக்கும் பங்கு தரப்பட்டது. பாகூருக்குப் போகிறவர்கள் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த மூலநாதர் கோயிலோடு திரும்பிவிடாமல், கரைமேல் ஏறி மதகையும் வாய்க்காலையும் பார்க்க வேண்டும்.