பாளையும் ஜெபமணியும்

இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் தென்பகுதியில், தேரி எனப்படும் செம்மணல் மேடுகளை ஒட்டி எழுந்த கிறிஸ்தவ ஊர்களின் வரலாறு பெரும்பாலும் மிஷனரிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் 1799இல் முதலூர் உருவானதும், மதம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்டோருக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த மிஷனரி இரேனியஸ் காலத்தில் தர்ம சங்கம் தோன்றியதும், 1841இல் மிஷனரி கால்டுவெல் இடையன்குடிக்கு வந்ததும் பலரும் அறிந்த செய்திகள். ஆயினும் அவ்வூர்களில் விசுவாசத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் பனையேறிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களுமே என்பது போதிய அழுத்தத்துடன் சொல்லப்படவில்லை.

மற்றப் பயிர்கள் கருகும் கோடையில்தான் பனை பதநீர் தரும் என்பதால், பங்குனி முதல் ஆடி வரையிலான கடும் வெயிற்காலமே பனையேறியின் உழைப்புக் காலமாக இருந்தது. விடியுமுன் மரத்தடிக்கு வந்து, கால்களில் தளைநார் மாட்டி, இடுப்பில் பாளை அரிவாளும் கலயமுமாக ஏறுபவர், பாளையின் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தை அதில் கட்டுவார். சுண்ணாம்பு பதநீரைப் புளிக்கவிடாது. மாலையிலும் அதே மரங்களில் மீண்டும் ஏறிச் சீவ வேண்டும். பனந்தோப்பிலேயே வேய்ந்த விடிலி என்னும் குடிசையில் பெண்கள் பதநீரைக் காய்ச்சிப் பாகு பதத்தில் இறக்கி, சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்கினர். சீவாமல் விட்ட பாளை வறண்டுபோகும் என்பதால், ஞாயிறு ஓய்வைக் கற்பித்த சபைக்கும் அன்றாடம் மரமேறியே தீர வேண்டியிருந்த குடும்பத்துக்கும் இடையே எழுந்த சங்கடத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. காலையும் மாலையும் உபதேசியார், அதாவது ஊர்ச் சபையை நடத்திய போதகப் பணியாளர், மணியடித்துக் கூட்டிய ஜெபத்துக்கு இந்த உழைப்பின் இடைவெளிகளில்தான் மக்கள் வந்தனர்.

மழைக்காலம் அவர்களுக்கு வறுமைக்காலம். பாளை ஓய்ந்த மாதங்களில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி உண்டவர்கள், அடுத்த பருவத்தில் அவர் சொன்ன விலைக்கே கருப்பட்டியைக் கொடுக்க நேர்ந்தது. தானியத்தை விலைக்கு வாங்கியே உண்ட இக்குடும்பங்களை 1876–78 பஞ்சத்தின் விலையேற்றம் நேரடியாகத் தாக்கியது. அப்போது ஆயிரக்கணக்கானோர் சபைகளை நாடி வந்ததை, சோற்றுக்காக வந்த கூட்டம் என்று சிலர் இகழ்ந்தனர்; ஆனால் நிவாரணம் நின்று பல தலைமுறைகள் கடந்த பின்னும் தேரியோரச் சபைகள் நிலைத்திருப்பதை அந்த இகழ்ச்சி கணக்கில் கொள்ளவில்லை.

இந்த உறுதியின் தடயங்கள் கட்டடங்களில் மட்டும் இல்லை. இப்பகுதியின் மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடி உயரக் கோபுரத்தைவிட, உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொடுத்த கைப்பிடி அரிசி வழக்கம் அதைத் துல்லியமாகக் காட்டுகிறது; ஏனெனில் அரைவயிறு உண்ட நாளிலும் அந்தப் பிடியை எடுத்தவர் அடுப்படிப் பெண்தான். அறுப்பின் பண்டிகை எனப்படும் விளைச்சல் நன்றித் திருநாளில் கருப்பட்டியும் முருங்கைக்காயும் சேவலும் முதற்பலனாக ஆலயத்துக்கு வந்து, ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடப்படும்; சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கேட்டு எடுத்தவர், எடுத்த பொருளைச் சில வேளை மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புவார்.