குந்தி எழும்பிய கால்கள்

எங்கள் ஊரில் தோப்புக்கரணம் இரண்டு இடங்களில் நடக்கும். பிள்ளையாருக்கு முன்னால் பக்தியாக, வகுப்பில் குழப்படிக்குத் தண்டனையாக. காதைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்பிய அதே பிள்ளைகள்தாம் இல்ல விளையாட்டுப் போட்டியில் கரம்பொன் மணலில் வெறுங்காலுடன் ஓடினோம். இந்த இரண்டுக்கும் உள்ள உறவு எனக்குப் புரிய, நான் மருத்துவராகி ஒரு பிழையும் செய்யவேண்டியிருந்தது.

குந்துதல் எங்கள் அம்மம்மாமாருக்குப் பயிற்சியல்ல, வாழ்க்கை. குந்தியிருந்து நெல் புடைத்தார்கள், அடுப்பு ஊதினார்கள், கிணற்றடியில் பாத்திரம் விளக்கினார்கள். இந்திய மல்யுத்தக் களங்களில் அதுவே பயிற்சியாயிற்று. புகழ்பெற்ற காமா பயில்வான் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் குந்தி எழும்பினார் என்பர். ஜெர்மனியில் பிறந்த மைலோ ஸ்டைன்போர்ன் 1921இல் அமெரிக்கா சென்று, தோளில் பெரும் பாரம் ஏற்றிக் குந்தி எழும்பிக் காட்டினார். அங்கே அது பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

பெண்களுக்கு இந்தக் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓடிய பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அந்த ஓட்டம் மீண்டும் பெண்களுக்குக் கிடைத்தது 1960இல்தான். யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளைகளுக்கு ஒரு எதிர்வீரசிங்கம் இருந்தார். 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்தவர். எமக்கு ஒரு பெயர் கிடைக்க 2000ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. சிட்னியில் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க வென்ற வெண்கலம் பின்னர் வெள்ளியாக உயர்ந்தது. பெண்களுக்கான பாரம்தூக்கல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றதும் அதே சிட்னியில்தான்.

இடையில் ஒரு தடை மருத்துவத்தின் பக்கமிருந்தும் வந்தது. 1961இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன், ஆழமாகக் குந்தினால் முழங்காலைக் கட்டிவைத்திருக்கும் நார்கள் தளரும் என்றார். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் அந்தப் பயம் உலகமெங்கும் நிலைத்துவிட்டது. எனக்குள்ளும் இருந்தது. நான் இளம் மருத்துவராக இருந்தபோது, முழங்காற் சில்லைச் சுற்றி நோவென்று ஓட்டக்காரப் பிள்ளையொருத்தி வந்தாள். "குந்தாதே, ஓடாதே" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வருடம் வேறு அலுவலாக வந்த தாயார், "நீங்கள் சொன்னபடி விட்டிட்டாள், டொக்டர்" என்றார். நன்றியுடன்தான் சொன்னார். அவளுக்குத் தேவைப்பட்டது ஓய்வல்ல, பலமான தொடை என்பதை நான் பிறகே படித்தறிந்தேன்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல்நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. அதைத் தாங்குபவை தொடையும் பிட்டமும். அவற்றைப் பலப்படுத்தும் முறை எளிது. கால்களைத் தோளகலம் வைத்து, விரல்களைச் சற்று வெளிப்புறம் திருப்புங்கள். மூச்சை உள்ளெடுத்து, பின்னாலுள்ள பதிந்த வாங்கில் இருக்கப்போவதுபோல் இடுப்பைப் பின்னுக்கும் கீழுக்கும் இறக்குங்கள். குதிக்கால் நிலத்தைவிட்டு எழக்கூடாது. முதுகு கூனக்கூடாது. முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமல் கால்விரல்களின் திசையிலேயே போகவேண்டும். பெண்பிள்ளைகளிடம் நான் அதிகம் காணும் பிழை இந்தச் சாய்வே. முழங்கால் விரல்நுனியைச் சற்றுக் கடந்தால் பயப்படத் தேவையில்லை. தொடை நிலத்துக்குச் சமாந்தரமானதும் நிலத்தை மிதித்துத் தள்ளி எழும்புங்கள்.

முதலில் வெறும் உடம்புடன் முறை பழகவேண்டும். முறை பிழைக்காது என்றான பின்பே பாரம். நெஞ்சோடு அணைத்த ஒரு மணற்பை போதும். எண்ணிக்கையைக் கூட்டுவதல்ல, பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே பலம் தரும். கிழமையில் இரண்டு நாள் போதும், போட்டிக்கு முதல்நாள் வேண்டாம். நோவிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் என்னைப்போல் "ஓடாதே" என்று மட்டும் சொன்னால், என்ன பயிற்சி செய்யலாம் என்று திருப்பிக் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவகத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதினொரு வயது. இன்று நாம் கண்டங்கள் தோறும் சிதறியிருக்கிறோம். கதிரையில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குக் குதிக்கால் பதியக் குந்த வருவதில்லை. அம்மம்மாவுக்குத் தெரிந்த ஒன்றை இரண்டு தலைமுறையில் தொலைத்துவிட்டோம்.

நூற்றாண்டு நினைவாகப் பழைய மாணவிகள் கேடயங்களும் கிண்ணங்களும் வழங்குவோம், நல்லது. அத்தோடு விளையாட்டு ஆசிரியைக்கு இந்தப் பயிற்சியைக் கற்பிக்க வழிசெய்வோம். நாம் தண்டனையாகச் செய்ததை நம் பிள்ளைகள் பலத்துக்காகச் செய்யட்டும். ஓட்டத்தை விட்ட அந்தப் பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது இப்போது இவ்வளவுதான்.