ஐஐடி-களில் எம்.டெக்.: 'கேட்' மதிப்பெண் மட்டும் போதாது
ஐஐடி-களில் எம்.டெக். பயில 'கேட்' தேர்வில் தகுதி பெற்றாலே போதும் எனப் பலர் கருதிவிடுகின்றனர். ஆனால், விரும்பும் ஒவ்வொரு ஐஐடி-க்கும் அதன் இணையதளத்தில் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். மார்ச் மாதம் 'கேட்' முடிவுகள் வெளியாவதை ஒட்டியே பல ஐஐடி-களில் இப்பணி தொடங்கிவிடும்.

'சிஓஏபி' என்னும் பொது இணையதளம் விண்ணப்பங்களைப் பெறுவதில்லை. ஐஐடி-கள் வழங்கும் இடங்களைத் தெரிவித்து, மாணவரின் முடிவைப் பெறுவதே அதன் பணி. எனினும் அதிலும் பதிவு செய்திருக்க வேண்டும். கிடைத்த இடத்தை ஏற்கலாம், தக்கவைத்துக் காத்திருக்கலாம், அல்லது நிராகரித்துக் காத்திருக்கலாம். நிராகரித்த இடம் மீண்டும் வழங்கப்படாது என்பதால் கடைசி வாய்ப்பில் கூடுதல் கவனம் தேவை.

என்ஐடி-களுக்கான 'சிசிஎம்டி' கலந்தாய்வு வேறு. அதற்கும் தனிப் பதிவு உண்டு. 'கேட்' மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லுபடியாகும். இவ்வாண்டு விண்ணப்பிக்கத் தவறியவர்கள், மதிப்பெண் காலாவதியாகாதவரை, மறுபடி தேர்வெழுதாமலேயே அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம்.