உம்மாவின் வழி எந்தப் பத்திரத்தில் இருக்கிறது?

இது கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

வகுப்பில் பிள்ளைகளிடம் வம்சவரிசை ஒன்று வரைந்து வரச் சொல்வது வரலாறு படிப்பிக்கிற எல்லா ஆசிரியரும் செய்கிற வேலைதான். வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று எழுதி, அதற்கு மேல் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு வருவார்கள். உம்மாவின் உம்மாவுடைய உம்மா யார் என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் முழிப்பார்கள். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரையில் இருக்கிற நமக்கு இது விசித்திரமான நிலைமை. ஏனென்றால் நம்முடைய குடி வாப்பாவால் வருவதில்லை, உம்மாவால் வருவது. பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி, ஓடாவி குடி, லெப்பை குடி என்று எந்தக் குடியைச் சொன்னாலும் பிள்ளைக்கு உம்மாவின் குடிதான். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்ததும் இந்தக் கணக்கில்தான். வயிற்றுவார் என்று பழைய ஆட்கள் சொல்கிற சொல்லே அந்த வழியைத்தான் குறிக்கிறது.

ஆனால் அரசாங்கக் காகிதம் வாப்பாவின் வழியில்தான் போகிறது. உங்கள் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தகப்பனின் தகப்பன் இலங்கையில் பிறந்தவரா, அவரது பெயர் என்ன, எந்த வருடம் எங்கே பிறந்தார் என்று ஒரு நிரல் இருக்கும். அதற்குக் கீழே பூட்டனைப் பற்றியும் ஒரு நிரல். உம்மாவின் உம்மாவுக்கு இடமே இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு ஆள் இலங்கைப் பிரசை என்று நிரூபிக்கத் தகப்பனின் பிறப்பை, இல்லாவிட்டால் பாட்டன், பூட்டன் இருவரின் பிறப்பையும் கேட்டது. மலையகத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானது அந்தச் சட்டத்தால். அந்தக் கேள்வியின் நிழல்தான் நம்முடைய பத்திரத்திலும் விழுந்து கிடக்கிறது. வம்சம் தேடுகிறவருக்கு அது ஒரு வசதியும்கூட. 1950களில் பிறந்த ஒருவரின் பத்திரத்தில் இந்த நிரல் நிரப்பப்பட்டிருந்தால், 1880, 1890களில் பிறந்த ஒரு மனிதரின் பெயர் ஒரே தாளில் கிடைத்துவிடும்.

இங்கிலாந்தில் கோவில் பதிவேடுகள் 1538இல் தொடங்கிவிட்டன. ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார் எழுத வேண்டும் என்ற கட்டளை அது. இன்றைக்கு அங்கே ஒரு ஆள் தன் மாவட்டத்து ஆவணக் காப்பகத்துக்குப் போய் நானூறு வருடம் பின்னால் நடந்து போகலாம். நம் நாட்டில் ஒல்லாந்தர் எழுதிய தோம்புகள் கொழும்பு, காலி, யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்களுக்கு ஓரளவு உதவும். கிறிஸ்தவர் அல்லாத நம் கரை ஆட்கள் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. பிறப்பு, இறப்பைப் பதிகிற சிவில் பதிவு இலங்கையில் 1867இல் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் எல்லோரும் போய்ப் பதியவில்லை. வெள்ளாமைக் காலத்தில் வயலில் பிறந்த பிள்ளைக்கு யார் போய்ப் பதிவது?

தேடப் போகிறவர்கள் ஊர்ப்பெயரில் சிக்கிக்கொள்வார்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பாறை மாவட்டம் உருவானது 1961இல். அதற்கு முன்னர் நாம் எல்லோரும் மட்டக்களப்பு மாவட்டம். பழைய தாள்களில் கல்முனைப் பிரதேச செயலகம் என்று எங்கேயும் இருக்காது. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்று பற்றுக் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள். விதானைமார் காலம் முடிந்து கிராம சேவகர் வந்தது 1963இல். ஆகவே உங்கள் மூத்தவாப்பா பிறந்த வருடம் 1961க்கு முந்தியது என்றால், அவர் மாவட்டம் மட்டக்களப்பு என்பதை மனதில் வைத்துக்கொண்டு தேடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மேசையில் இருப்பவர் இன்னொரு மேசையைக் காட்ட, அவர் இன்னொரு ஊரைக் காட்ட, நாள் போய்விடும். எனக்கு ஒரு நாள் முழுதும் அப்படிப் போயிருக்கிறது.

பெயர் இன்னொரு தலையிடி. மீராலெப்பை, உதுமாலெப்பை, இஸ்மாலெப்பை, அகமதுலெப்பை, ஆதம்பாவா. ஒரு தெருவிலேயே ஒரே பெயரில் நான்கு பேர் இருந்திருப்பார்கள். அதனால்தான் நம் ஆட்கள் பட்டப்பெயர் வைத்தார்கள், ஆனால் பட்டப்பெயர் பதிவேட்டில் ஏறாது. எம்.எல். என்ற முதலெழுத்து மீராலெப்பையா முகம்மதுலெப்பையா என்று பேரப்பிள்ளைக்குத் தெரியாது. பெண்களின் பெயர் இதைவிட மோசம். பாத்தும்மா, பாத்திமா, பாத்துமா உம்மா என்று ஒரே ஆளைப் பதிவுகாரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எழுத்துப் பிழையைப் பார்த்து இது வேறு ஆள் என்று முடிவு செய்யாதீர்கள். ஊர், கணவர் பெயர், வருடம் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கலியாணப் பதிவுக்கு வருவோம். முஸ்லிம் விவாகங்களைப் பதிவதற்கான கட்டளைச் சட்டம் 1886இல் வந்தது. பிறகு 1929இல் ஒன்று, கடைசியாக இன்றும் நடைமுறையில் இருக்கிற 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். காவின் எழுதிய தாளில் மாப்பிள்ளையின் விபரம், வலியின் பெயர், வலி பெண்ணுக்கு என்ன உறவு, மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு, சாட்சிகள் யார் என்று எல்லாம் இருக்கும். மணமகளின் கையொப்பம் மட்டும் இருக்காது. இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றிய வாதத்தை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள், அதற்குள் இப்போது போகவில்லை. வரலாறு தேடுகிறவன் என்ற முறையில் என் ஆதங்கம் சின்னது: நூறு வருடத்துக்கு முந்திய ஒரு உம்மம்மாவின் கையெழுத்தோ கைநாட்டோ அவருடைய சொந்தக் கலியாணத் தாளில்கூட நமக்குக் கிடைக்கப்போவதில்லை. வலி என்ற நிரல்தான் ஆறுதல். வாப்பா உயிரோடு இல்லாமல் மூத்தவாப்பாவோ காக்காவோ வலியாக நின்றிருந்தால், ஒரு தாளில் இரண்டு தலைமுறை கிடைக்கும்.

சரி, பெண்ணின் வழி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? காணி உறுதியில்.

நம் கரையில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போவான். வீடு வளவு பெண்ணுக்குச் சீதனம். நொத்தாரிசு முன்னால் உறுதி எழுதாமல் காணி கைமாறினால் செல்லாது என்று 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆகவே சீதனம் கொடுத்த ஒவ்வொரு வளவுக்கும் ஒரு உறுதி, அதில் ஒரு பெண்ணின் பெயர். நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம்தான். வீட்டில் இருந்த மூலம் தொலைந்தாலும் இன்னொரு பிரதி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

உறுதியை வாசிக்கத் தெரிந்தால் அது வம்சவரிசைதான். நடுவில் ஒரு வசனம் வரும்: இன்ன இலக்க உறுதிப்படி எனக்குச் சொந்தமாகி, நான் ஆண்டு அனுபவித்து வருகிற காணி என்று. அந்த இலக்கத்தைப் பிடித்தால் அதற்கு முந்திய உறுதி வரும். அதில் இன்னொரு இலக்கம். இப்படி ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கலாம். எங்கேயாவது முதுசமாய் வந்தது என்றோ நீண்டகால ஆட்சியால் வந்தது என்றோ எழுதியிருந்தால் எழுத்துவழி அங்கே நின்றுவிடும். கடைசியில் அட்டவணை என்று ஒரு பகுதி. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லை. எங்கள் உம்மாவின் வளவு உறுதியில் வடக்கே ஒரு பெண்ணின் வளவு, தெற்கே இன்னொரு பெண்ணின் வளவு, மேற்கே ஒழுங்கை. அந்த இரண்டு பெண்களும் மூத்தம்மாவின் கூடப்பிறந்த சகோதரிகள். பிறப்புப் பத்திரம் எதிலும் அவர்கள் சகோதரிகள் என்று எழுதியிருக்கவில்லை. ஒரு பெரிய வளவைப் பெண் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த வாப்பா ஒருவரின் வாழ்க்கை அந்த நாலு எல்லைக்குள் கிடக்கிறது. வேலியைப் பார்த்தால் குடும்பம் தெரியும் என்கிறமாதிரியான ஊர் நம்முடையது.

இதற்குத்தான் 2004 டிசம்பர் 26 பெரிய வெட்டு. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிரிழப்பு நம் மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கு மேல். மௌத்தானவர்களைப் பற்றி நான் இங்கே புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை, எல்லா வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடற்கரையோரத்து வீடுகளில் அலுமாரியோடு உறுதி போனது, பிறப்புப் பத்திரம் போனது, பரம்பரையாக வந்த கிதாபுகள் போயின. பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். சனம் உள்ளே நகர்ந்தது. புது வீடு கொடுத்தபோது குடும்பத் தலைவர் யார் என்று படிவம் கேட்டது. பல இடங்களில் ஆணின் பெயரை எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக உம்மாவிடமிருந்து மகளுக்குப் போன வளவு கடலோரத்தில் வெறுமையாய்க் கிடக்க, அதற்குப் பதிலாக வந்த வீடு வாப்பாவின் பெயரில். இதைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆனால் நம் ஊருக்குள் நாம் பேசியது குறைவு. நூறு வருடம் கழித்து ஒரு பிள்ளை நம் உறுதிகளைத் தேடினால், 2005இல் பெண்கள் திடீரென்று காணாமல் போனதாகத் தெரியும்.

நான் படிப்பிக்கிற தொழிலில் இருந்து ஒன்று சொல்கிறேன். பாடசாலைச் சேர்விடாப்பு யாரும் நினைத்துப் பார்க்காத பொக்கிஷம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பாதுகாவலர் பெயர், தொழில், விலாசம், முன்னர் படித்த பாடசாலை எல்லாம் ஒரே வரியில். பிறப்பைப் பதியாத பிள்ளைக்கும் ஒரு திகதி அங்கே உண்டு (அது அதிபர் ஆள் பார்த்துப் போட்ட திகதியாகவும் இருக்கலாம், ஜனவரி முதலாம் திகதியில் ஒரு ஊரே பிறந்ததுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள்). வாக்காளர் இடாப்பும் அப்படித்தான். 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்ததோடு பெண்களின் பெயரும் இடாப்பில் ஏறியது, வீடு வீடாக.

வீட்டில் பழைய குர்ஆன், மௌலூது கிதாபு இருந்தால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். பிள்ளை பிறந்த நாளை அரபுத் தமிழில் ஹிஜ்ரி கணக்கில் எழுதி வைக்கிற பழக்கம் இருந்தது. அந்த எழுத்தைத் தடையில்லாமல் வாசிக்கிறவர்கள் இப்போது ஊருக்குச் சிலர்தான். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பிரித்தானியர் காலத்து அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் பள்ளிவாசல் பிணக்கு, வாய்க்கால் சண்டை, போடிமாரின் பெயர்கள் என்று அங்கங்கே நம் ஊர் தலைகாட்டும். சாதாரண வயல்காரனைத் தேடி அங்கே போவது வீண் செலவு.

அரபுநாட்டுப் பாட்டனைத் தேடிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழர் என்று ஆய்வுரை வாசித்தார், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். சட்டசபை ஆசனம் வரைக்கும் அந்த வாதத்துக்குள் இருந்தது. இரண்டு பேரும் கொழும்பிலிருந்து எழுதியவர்கள். நம் கரையில் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்கள் நாலாயிரம் பேரை 1626இல் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று குவேரோஸ் பாதிரியார் எழுதியிருக்கிறார். அதற்கு முன்னரும் இங்கே ஆட்கள் இருந்தார்கள். அந்த நாலாயிரத்தில் ஒரு பெயர்கூட நம் கையில் இல்லை. குடிப்பெயர்கள்தான் இருக்கின்றன, அவற்றில் பல நாச்சிமாருடைய பெயர்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் வருடக்கணக்கில் இருந்து நம்முடைய குடிமுறையைக் கேட்டு எழுதினார், 2008இல் புத்தகமாக வந்தது. அவர் கேட்ட கேள்விகளை நாம் நம் மூத்தம்மாமாரிடம் கேட்டோமா?

எண்பது வயது தாண்டிய பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். குடி என்ன, யாருக்கு யார் என்ன முறை, எந்த வளவு யாருக்குச் சீதனமாய்ப் போனது என்று அவர்களுக்குத் தெரியும். பதிவகம் அடுத்த வருடமும் திறந்திருக்கும், அதனால் முதலில் இவர்களிடம் போங்கள். போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். பெயரை மட்டும் கேட்காமல் வளவைக் கேளுங்கள். வேலிக்கு அங்கால் யார் இருந்தது என்று கேட்டால் ஞாபகம் தானாக வரும். பிறகு அந்தப் பெயர்களோடு உறுதியைப் பாருங்கள்.

பழைய உறுதி, காவின் பிரதி, கிதாபுப் பக்கம் எதுவும் வீட்டில் இருந்தால் கறையான் அரிக்க முன்னர் படம் எடுத்து வையுங்கள். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் யாராவது இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள், இரண்டு மூன்று பேர் கிதாபோடு காத்திருக்கிறார்கள்.