நியூஃபவுண்ட்லாந்து புகட்டிய பாடம்

கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து உடல் வற்றி மாண்ட கொக்கின் கதை நாம் அனைவரும் அறிந்ததே. கடல் வற்றாது, ஆனால் கடலில் உள்ள மீன் வற்றும். இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது, கனடா நாட்டின் கீழ்க்கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வரலாறாகும்.

1497ஆம் ஆண்டில் ஜான் கபட் அக்கடலை அடைந்து மீண்டபோது, கூடையை இறக்கியே மீன் அள்ளலாம் என்று உடன் சென்றோர் கூறினர். ‘காட்’ என்னும் அம்மீனை உப்பிட்டு உலர்த்தி ஐரோப்பாவில் விற்றனர். 1883ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் பேசிய விஞ்ஞானி ஹக்ஸ்லி, அன்றைய மீன்பிடி முறைகளைக் கொண்டு நோக்கின் காட் முதலிய பெருங்கடல் மீன்கள் அள்ளக் குறையாதவை என்றே மொழிந்தார்.

அம்முறைகள் மாறின. பிடித்த மீனைக் கப்பலிலேயே அறுத்து உறையவைக்கும் பெரும் இழுவலைக் கப்பல்கள், 1950களுக்குப் பின் பல நாடுகளிலிருந்தும் வந்து குவிந்தன. 1968இல் மட்டும் ஏறத்தாழ 8 லட்சம் டன் காட் பிடிபட்டது. அப்பகுதி மீன்பிடியை ஒழுங்குபடுத்த 1949இலேயே பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. எனினும் வலைக்கண்ணின் அளவை முதலில் வரையறுத்த அவ்வமைப்பு, நாட்டுக்கு இவ்வளவு என்று பங்கு வகுத்தது 1970க்குப் பின்னரே. 1977இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல்மைலாக விரித்து அயலார் கப்பல்களை விலக்கிற்று. அவ்விடத்தைத் தன் சொந்தக் கப்பல்களால் நிரப்பிற்று.

மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று கரையோரச் சிறு மீனவர் 1980களில் முறையிட்டனர். ஆழ்கடல் கப்பல்களோ, எஞ்சிய மீன் கூடி நின்ற இடங்களைக் கருவிகளால் கண்டறிந்து வலை நிறைத்தன. அந்நிறைவை நம்பியமையால் அரசின் கணக்குப் பிழைத்தது. 1992 ஜூலை 2ஆம் நாள் தடை வந்தது. ஏறத்தாழ 30,000 பேர் தொழிலிழந்தனர். ஈராண்டுக்கென்று விதித்த தடை முப்பதாண்டைக் கடந்து, 2024இல்தான் நீங்கியது; அப்பொழுதும் சிறிதளவே பிடிக்க இசைவு கிடைத்தது.

எல்லை கடந்து உலவும் மீன்களைக் காக்க 1995இல் ஐக்கிய நாடுகள் சபையில் உருவான உடன்படிக்கை, போதிய தகவல் இல்லை என்று காரணம் காட்டிப் பாதுகாப்பை ஒத்திப்போடலாகாது என விதித்தது. 2003இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

நம் நாட்டில் கீழைக்கடலில் ஏப்ரல் 15 முதலும், மேலைக்கடலில் ஜூன் 1 முதலும் விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கின்றன. அந்நாட்களில் மீன் விலை ஏறினால் நாம் முணுமுணுக்கிறோம். படகேறாத மீனவர் இல்லத்து அடுப்பை எண்ணினால் நம் குறை சிறிதே. முப்பதாண்டு மூடிக் கிடப்பதினும், அறுபத்தொரு நாள் பொறுத்தல் எளிதன்றோ?