மண்டையோட்டைக் கழுவியவர்கள்

திருவிடைமருதூரில் எனக்குத் தெரிந்த ஒரு பழைய மிராசுதார் வீட்டுக் கூடத்தில் வெளிமான் மண்டையோடு ஒன்று மாட்டியிருந்தது. கறுப்பு வார்னிஷ் அடித்த மரப்பலகை, அதன்மேல் வெள்ளை எலும்பு, அதிலிருந்து முறுக்கிக்கொண்டு எழும் இரண்டு கொம்புகள். கீழே பித்தளைத் தகட்டில் சுட்டவரின் பெயரும் ஆண்டும் இருந்தன. கூடத்துக்கு வரும் ஆண்கள் அண்ணாந்து பார்த்துக் கொம்பின் நீளத்தைப் பற்றிப் பேசுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் முக்காலியில் ஏறி அதைத் துடைத்தவர் அங்கே வீட்டுவேலை செய்த அக்கா. "இத யாரு கழுவியிருப்பா?" என்று ஒருநாள் அவர் கேட்டார். தலையிலிருந்து சதை தானாக உதிர்ந்து எலும்பு இப்படி வெளுத்துவிடாது என்று அவருக்குத் தெரியும். தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அப்படியொரு கேள்வி அதுவரை தோன்றியதில்லை.

வேட்டையின் வரலாற்றைச் சுட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். கழுவியவர்களின் வரலாற்றைத் தேட வேண்டுமென்றால் முதலில் அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தோலை உரித்து, கண்ணையும் நாக்கையும் கன்னச் சதையையும் கத்தியால் எடுக்க வேண்டும். முதுகுத்தண்டு வந்து சேரும் துளை வழியாக வளைந்த கம்பியை விட்டு மூளையைக் கலக்கி, தண்ணீர் ஊற்றி வெளியேற்ற வேண்டும். மிச்சச் சதையைப் போக்க வழிகள் பல. தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு அழுகவிடலாம். நாற்றம் தெருமுனை வரை போகும். எறும்புகளுக்கு விடலாம். அருங்காட்சியகங்களில் இறைச்சி தின்னும் ஒருவகை வண்டுகளையே இதற்காக வளர்க்கிறார்கள். அவசரமென்றால் வேகவைக்கலாம். ஆனால் தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் எலும்புகளின் இணைப்புகள் விட்டுப்போகும், பற்கள் விரிசலிடும், கொழுப்பு எலும்புக்குள் இறங்கிப் பிறகு மஞ்சளாகக் கசியும். இளந்தீயில் வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிச் சுரண்ட வேண்டும். வெளிமானின் கொம்பு ஓர் உறை. உள்ளே எலும்புத் தண்டு இருக்கும். ஊறிய பின் உறையை உருவி, தண்டைச் சுத்தம் செய்து மறுபடி மாட்ட வேண்டும். கடைசியில் சோடா கலந்த நீரில் கொழுப்பை எடுத்து வெளுக்கவிட வேண்டும். இன்று ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்துகிறார்கள். பிளீச்சிங் பவுடர் எலும்பையே அரித்துவிடும்.

இதைப் படிக்கும் தோழிகளில் பலருக்கு இந்த வேலை புதிதல்ல. ஆட்டுத்தலையை வைக்கோல் தீயில் வாட்டி, கரியும் மயிரும் போகச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, பிளந்து, மூளையைச் சிதையாமல் தனியே எடுத்து, எலும்பை இளந்தீயில் விடுகிற கைகளை நம் அடுப்படிகளில் பார்த்திருக்கிறோம். கத்தி, தீ, தண்ணீர், பொறுமை எல்லாம் அதேதான். அடுப்படியில் நடந்தால் அது ஞாயிற்றுக்கிழமைச் சமையல். கூடத்துச் சுவருக்காக நடந்தால் கலை.

விலங்கின் தலையைப் பலகையில் மாட்டி வீட்டில் வைக்கும் மோகம் பிரிட்டிஷ் ஆட்சியில் பெருந்தொழிலாக வளர்ந்தது. லண்டனில் விலங்குகளைப் பாடம்செய்து விற்ற ரோலண்ட் வார்டு, உலக வேட்டை விலங்குகளின் கொம்பு அளவுகளைத் தொகுத்து 1892இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன்பின் வேட்டைக்காரர்களுக்குக் கொம்பின் அங்குலமே கௌரவமானது. அளக்கும் ஆசை விலங்கோடு நிற்கவில்லை. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்துகொண்டிருந்தார். தென்னிந்தியாவில் வேட்டைத் தலைகள் சென்று சேர்ந்த பெரிய இடம் மைசூர். அங்கே 1900 வாக்கில் தொடங்கிய வான் இஞ்சன் நிறுவனம், மன்னர்களும் துரைமார்களும் அனுப்பிய புலி, சிறுத்தை, காட்டெருமைத் தலைகளைப் பல பத்தாயிரம் கணக்கில் பாடம்செய்தது. 1999இல் அது மூடப்பட்டது. தலைகளின் அடியில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதன் தொட்டிகளில் கையை விட்டு வேலை செய்தவர்களின் பெயர்களை அங்கே தேட முடியாது.

சுவரில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். பெண் வெளிமானுக்குப் பொதுவாகக் கொம்பு கிடையாது. பெண் புள்ளிமானுக்கும் இல்லை. பெண் யானைக்கு வெளியே நீளும் தந்தமில்லை. கொம்பும் தந்தமும்தான் பெருமை என்றால், செத்த பிறகும் சுவரில் ஏறுவது ஆண் விலங்கே. அந்தக் கூடத்தில் சுட்டவர் ஆண், சுடப்பட்டது ஆண், அண்ணாந்து பார்த்தவர்கள் ஆண்கள். பெண் இருந்த இடம் முக்காலி.

ஆனால் இதை ஆண் பெண் கணக்காக மட்டும் முடித்துவிட முடியாது. 1900இல் இந்தியாவில் தன் வேட்டை அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார் இசபெல் சேவரி என்ற ஆங்கிலேயப் பெண். பின்னாளில் ஜெய்ப்பூர் மகாராணியான காயத்ரி தேவி பன்னிரண்டு வயதில் தன் முதல் சிறுத்தையைச் சுட்டவர். அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. இனமும் குலமும் உயர்ந்திருந்தால் பெண்ணுக்கும் வேட்டைப் புகைப்படத்தில் இடம் கிடைத்தது. கிடைக்காதது கழுவியவர்களுக்கு. செத்த மாட்டை அகற்றுவது, தோலுரிப்பது, எலும்பைத் தொடுவது எல்லாம் நம் ஊர்களில் தலித் மக்கள்மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டவை. அந்த வேலையைச் செய்ததாலேயே அவர்கள் தீட்டானவர்கள் என்றும் சொல்லப்பட்டது. அவர்கள் கையில் இருந்தவரை அது பிணம். சதையும் நாற்றமும் போனதும் அதே எலும்பு மிராசுதாரின் நடுக்கூடத்துக்கு வந்தது. தொட்டவருக்குத் தீட்டைக் கொடுத்த எலும்பு, மாட்டியவருக்குப் பெருமையைக் கொடுத்தது.

விலங்கின் உறுப்பை அணியாக்குவது நம் மரபுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் எயினர் குடிப் பெண்ணொருத்தியைக் கொற்றவையாகக் கோலம் செய்கிறார்கள். பன்றியின் கொம்பு அவள் தலையில் பிறையாகிறது, புலிப்பல் கழுத்தில் தாலியாகிறது. அங்கே அந்த எலும்பும் பல்லும் வழிபாட்டுக்காக ஒரு பெண்ணின் உடலில் ஏறுகின்றன. யாருடைய பெயரையும் தாங்கிச் சுவரில் தொங்கவில்லை.

மண்டையோட்டின் கதையில் பெண்ணின் சமையலுக்கு இடம் கொடுத்த மரபும் நம்மிடம் உண்டு. சிவன் பிரமனின் தலையைக் கொய்த தலம் என்று தஞ்சைக்குப் பக்கத்திலுள்ள கண்டியூரைச் சொல்வார்கள். கொய்த கபாலம் கையில் ஒட்டிக்கொண்டது. போட்ட சோற்றையெல்லாம் அதுவே தின்றது. அதை இறக்கியது யார் என்பதற்கு மேல்மலையனூரில் மக்கள் சொல்லும் கதை இது: அங்காளம்மன் சோறு சமைத்து உருண்டை பிடித்தாள். கபாலத்தில் இட்டு ருசி காட்டினாள். கடைசி உருண்டையைத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் அதைத் தின்னக் கையை விட்டு இறங்கியது. அவள் அதைக் காலால் மிதித்துக்கொண்டாள். சிவராத்திரிக்கு மறுநாள் நடக்கும் மயானக்கொள்ளையில் இன்றும் சூறை இறைக்கிறார்கள். கடவுளின் கையைச் சுத்தம் செய்ததும் ஒரு பெண் ஆக்கிய சோறுதான்.

திருவிடைமருதூருக்கும் ஒரு கதை உண்டு. வரகுண பாண்டியனின் குதிரைக் குளம்பில் சிக்கி ஓர் அந்தணர் இறந்துவிடுகிறார். பிரம்மஹத்தி அரசனைத் துரத்துகிறது. அவன் மகாலிங்கசுவாமி கோயிலுக்குக் கிழக்கு வாசல் வழியாக நுழைகிறான். பிரம்மஹத்தி உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நிற்கிறது. இறைவன் சொன்னபடி அரசன் மேற்கு வாசல் வழியாக வெளியேறிவிடுகிறான். இன்றும் கிழக்கே நுழைந்தவர்கள் அந்த வழியாகத் திரும்புவதில்லை. புராணங்களில் பிரம்மஹத்தியைப் பெண்ணுருவாகச் சொல்வதுண்டு. கொலை அரசனுடையது, வாசலில் காத்துக்கிடப்பது அவள். எனக்கு அந்தக் கூடத்து மண்டையோடு நினைவுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையும் சேர்ந்தே வருகிறது. சுட்டவர் மறுவாசல் வழியாகப் போய்விட்டார். கறை கழுவியவர்களோடு நின்றுவிட்டது.

கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. வெளிமான்கள் அங்கே இன்றும் திரிகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வெளிமானை வேட்டையாடுவது குற்றம். பழைய கொம்புகளையும் தலைகளையும் வைத்திருப்போர் அரசிடம் அறிவித்து உரிமைச் சான்றிதழ் பெற வேண்டும். அவற்றை விற்கக் கூடாது. இப்போது விலங்கியல் படிக்கும் மாணவிகள் கறிக்கடையில் ஆட்டுத்தலை வாங்கி வந்து வீட்டிலேயே ஊறவைத்து, சுரண்டி, வெளுத்து, பல்வரிசையைப் படிக்கலாம். சுத்தம் செய்பவளும் படிப்பவளும் ஒருத்தியாகவே இருக்கலாம். அப்படிச் செய்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அலமாரியில் வைக்கும்போது சீட்டில் விலங்கின் பெயரோடு உங்கள் பெயரையும் எழுதுங்கள். அம்மா தண்ணீர் மாற்றித் தந்திருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள்.

அந்த அக்காவின் கேள்விக்கு இப்போதும் என்னிடம் ஒரு பெயர் இல்லை. ஆனால் அந்தப் பித்தளைத் தகட்டில் எவ்வளவு இடம் காலியாக இருந்தது என்பதை அவர்தான் எனக்குக் காட்டினார்.